விருந்தினருக்கு வீட்டிலேயே சுவிஸ் சீஸ் ஃபோன்டூ செய்யும் முறை

சுவிட்சர்லாந்தின் சீஸ் ஃபோன்டூவில் சமையலின் பிற்பாதி விருந்தினரின் கண்முன்னே, சாப்பாட்டு மேசையின் மேலேயே நடக்கிறது. சிறிய மேசை அடுப்பின்மேல் கனமான சட்டி ஒன்று அமர்ந்திருக்கும். அதில் வெள்ளை வைனோடு சேர்ந்து உருகிய சீஸ் மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருக்க, சுற்றி அமர்ந்தவர்கள் நீண்ட முட்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அதில் தோய்த்து உண்பார்கள். இதற்குப் பெரிய கைத்திறன் எதுவும் வேண்டியதில்லை. முன்னேற்பாடுதான் மிகவும் வேண்டும். ரொட்டி வெட்டுவது, சீஸ் துருவுவது, மேசை போடுவது, விருந்தினரை உட்கார வைப்பது ஆகிய அனைத்தும் முதல் கைப்பிடி சீஸ் சட்டியில் விழுவதற்கு முன்பே முடிந்திருந்தால், சமைப்பவரும் விருந்தில் ஒருவராக அமர்ந்து நிம்மதியாக உண்ணலாம். அப்படி உட்கார முடியாமல் போனால் அது பாதி விருந்துதான் என்பது என் உறுதியான கருத்து.

சீஸை வைனில் கரைத்து உண்ணும் வழக்கம் சுவிட்சர்லாந்தில் பழையது. 1699ஆம் ஆண்டைச் சேர்ந்த சூரிச் சமையல் குறிப்பு ஒன்றிலேயே அதற்கான செய்முறை இருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான தேசிய உணவு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1914இல் தொடங்கி 1999 வரை சீஸ் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த சுவிஸ் சீஸ் ஒன்றியம், 1930களில் சீஸ் விற்பனையைப் பெருக்குவதற்காக ஃபோன்டூவை நாடெங்கும் முனைந்து விளம்பரப்படுத்தியது. அதற்கு முன்பு அது பெரும்பாலும் பிரெஞ்சு மொழி பேசும் மேற்கு மாநிலங்களின் உணவாகவே இருந்தது. இன்றும் ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்ச் சீஸைக் கொண்டு தனித்தனிக் கலவை வைத்திருப்பதால், 'இதுதான் சரியான ஃபோன்டூ' என்று எவரும் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

சீஸைத் தேர்ந்தெடுத்தல்

ஃப்ரிபூர் மாநிலத்தில் க்ருயேர், வஷ்ரான் ஃப்ரிபூர்ஷுவா ஆகிய இரண்டையும் சரிபாதியாகச் சேர்க்கிறார்கள். 'முவாத்தியே-முவாத்தியே', அதாவது பாதிக்குப் பாதி, என்பதே அக்கலவையின் பெயர். க்ருயேர் கெட்டியானது, உப்பும் ஆழ்ந்த சுவையும் கொண்டது. வஷ்ரான் மென்மையானது, எளிதில் உருகிக் கலவைக்குக் குழைவைத் தருவது. நொய்ஷாத்தல் மாநிலத்தில் வஷ்ரானுக்குப் பதிலாக எமென்டால் சேர்ப்பார்கள்; அது சற்று இழுபடும், சுவையும் இதமாக இருக்கும். கிழக்குச் சுவிட்சர்லாந்தில் மணம் மிகுந்த அப்பென்செல்லரும் கலவையில் இடம் பெறும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது முவாத்தியே-முவாத்தியே கலவையைத்தான். வஷ்ரான் கிடைக்காத ஊர்களில் க்ருயேரோடு எமென்டாலைச் சேர்த்தாலும் நல்ல ஃபோன்டூ கிடைக்கும்.

க்ருயேர் குறைந்தது 5 மாதம் பதப்படுத்தப்பட்ட பிறகே விற்பனைக்கு வரும். இளம் சீஸ் நன்றாக உருகும், சுவை குறைவு. நாள்பட்ட சீஸ் சுவை மிகுந்தது, ஆனால் அதை மட்டும் போட்டால் கொழுப்பு எளிதில் பிரியும். ஆகவே க்ருயேரின் பங்கில் பாதியை இளையதாகவும் பாதியை 10 மாதம் தாண்டியதாகவும் வாங்குவது நல்லது. மொஸரெல்லா இதற்கு ஒத்துவராது, கயிறாகத் திரண்டுவிடும். முன்கூட்டியே துருவிப் பையில் அடைத்து விற்கும் பொதுவகைச் சீஸையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஒட்டாமல் இருப்பதற்காக அதில் தூவியிருக்கும் பொடிகள் நாம் அளந்து போடும் மாவின் கணக்கைக் குலைத்துவிடும். சுவிட்சர்லாந்தில் சீஸ் கடைக்காரர்களே ஃபோன்டூவுக்கெனத் துருவிக் கலந்து தருவது வேறு விஷயம். அதைத் தாராளமாக வாங்கலாம்.

விருந்துக்கு அழைப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. க்ருயேரும் சுவிஸ் எமென்டாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் கொண்டு உறைய வைக்கப்படுபவை. மரக்கறி மட்டுமே உண்ணும் விருந்தினர் பலர் சீஸைப் பால் பொருளாக மட்டும் எண்ணி ஏற்றுக்கொள்வார்கள். அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது விருந்து கொடுப்பவரின் கடமை. அவர்களுக்காகவே செய்வதானால், தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னட் என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் உருகக்கூடிய சீஸைத் தேடி வாங்க வேண்டும்.

அளவு

சுவிட்சர்லாந்தில் ஆள் ஒன்றுக்கு 200 கிராம் சீஸ், அதே அளவு ரொட்டி என்று கணக்கிடுவது வழக்கம். நால்வருக்கு க்ருயேர் 400 கிராம், வஷ்ரான் 400 கிராம், இனிப்பில்லாத வெள்ளை வைன் 400 மில்லி, கார்ன்ஃப்ளோர் 35 கிராம், பூண்டுப் பல் ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, செர்ரிப் பழத்திலிருந்து வடிக்கும் கிர்ஷ் என்னும் மது இரண்டு மேசைக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு, துருவிய சாதிக்காய் சிறிது ஆகியவை தேவை. கார்ன்ஃப்ளோர் 35 கிராம் என்பது தலை தட்டிய நான்கு மேசைக்கரண்டிக்குச் சற்றே அதிகம். உப்புச் சேர்க்க வேண்டாம். சீஸில் இருப்பதே போதும். ஒரு சட்டிக்கு நால்வர், மிஞ்சினால் அறுவர் என்பது சரியான எண்ணிக்கை. எட்டுப் பேர் வருவதானால் இரண்டு சட்டி வைப்பதே முறை, ஏனெனில் ஒரே சட்டியை எட்டுப் பேரும் எட்டி எட்டித் தொட வேண்டியிருந்தால் யாரும் நிதானமாக உண்ண முடியாது.

வைனும் மாவும் ஏன் தேவை

இவ்விரண்டின் வேலையைப் புரிந்துகொண்டவருக்கு ஃபோன்டூ கைதவறுவது அரிது. சீஸில் உள்ள கேசீன் என்னும் புரதம் கால்சியத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு ஒரு வலையாக இருக்கிறது. கொழுப்பு அந்த வலைக்குள் அடைபட்டிருக்கிறது. சீஸை வெறுமனே சூடாக்கினால் கொழுப்பு உருகி வெளியே வழியும், புரதம் சுருங்கி ரப்பர் கட்டியாகத் திரளும். வைனில் இயல்பாகவே உள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் புரதங்களின் பிணைப்பு தளர்ந்து, அவை நீரில் பரவுகின்றன. புளிப்புக் குறைந்த வைனுக்கு எலுமிச்சைச் சாறு துணை செய்கிறது. கார்ன்ஃப்ளோர் சூட்டில் வீங்கி நீர்ப்பகுதியைக் கெட்டியாக்கி, புரதம் திரள்வதையும் கொழுப்பு ஒன்றுசேர்வதையும் தடுக்கிறது. சூரிச்சில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 100 கிராம் கலவைக்கு ஏறத்தாழ 3 கிராம் மாவுச்சத்து இருந்தால்தான் ஃபோன்டூ மீளமுடியாதபடி பிரிவது தவிர்க்கப்படுகிறது என்று கண்டறிந்தார்கள். மேலே சொன்ன 35 கிராம் அந்தக் கணக்கில் வருவதுதான். கைப்பழக்கம் உள்ள சுவிஸ் வீடுகளில் இதைவிடக் குறைவாகவே போடுவார்கள். பழகும்வரை குறைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

வைன் நல்ல புளிப்போடு, இனிப்பில்லாமல் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஷாஸ்லா திராட்சையில் செய்த வைனைப் பயன்படுத்துவார்கள். வேறு ஊர்களில் சோவின்யோன் பிளாங் போன்ற புளிப்பான வெள்ளை வைன் பொருந்தும். விலை உயர்ந்தது வேண்டாம், ஆனால் குடிக்கத் தகாததைச் சட்டியிலும் ஊற்றக் கூடாது.

மதுவைத் தவிர்ப்பவர்கள், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் விருந்தில் இருந்தால் வைனையும் கிர்ஷையும் விட்டுவிட வேண்டும். அடுப்பில் வைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை சரியன்று, கணிசமான பகுதி தங்கிவிடும். அதற்குப் பதிலாக உப்பில்லாத காய்கறிச் சாறு 300 மில்லி, சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாறு 100 மில்லி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்தால் தேவையான புளிப்புக் கிடைத்துவிடும். ஃப்ரிபூரில் வஷ்ரானை மட்டும் சிறிதளவு நீரில் மிகக் குறைந்த சூட்டில் கரைத்து, கொதிக்கவே விடாமல், அவித்த உருளைக்கிழங்கோடு உண்ணும் முறையும் உண்டு. மது இல்லாத ஃபோன்டூக்களில் மிகவும் மென்மையானது அதுவே. ஆனால் சூடு சற்று ஏறினாலும் திரிந்துவிடும் என்பதால் முதல் விருந்துக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ரொட்டியும் சட்டியும்

அன்று சுட்ட ரொட்டி ஃபோன்டூவுக்கு உதவாது. உள்ளே ஈரமாக இருப்பதால் முட்கரண்டியிலிருந்து நழுவிச் சட்டிக்குள் விழும். முந்தைய நாள் வாங்கிய, மேலோடு தடித்த ரொட்டி வேண்டும். அதை ஒரே கடியில் வாயில் போடும் அளவுக்கு வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் மேலோட்டின் ஒரு பக்கம் இருக்கும்படி வெட்ட வேண்டும். குத்தும்போது முட்கரண்டி மிருதுவான பக்கத்தில் நுழைந்து, மேலோட்டைத் துளைத்து நிற்க வேண்டும். அப்போதுதான் கெட்டியான சீஸுக்குள் சுழற்றினாலும் துண்டு கழலாது. கடையில் வெட்டி விற்கும் மென்மையான சாண்ட்விச் ரொட்டி இதைத் தாங்காது. ரொட்டியோடு தோலுடன் அவித்த சிறு உருளைக்கிழங்கு, சற்றுக் கெட்டியான பேரிக்காய்த் துண்டு ஆகியவற்றையும் தோய்த்து உண்ணலாம். சீஸின் திகட்டலைப் போக்க, வினிகரில் ஊறிய சிறு வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் மேசையில் இருப்பது நல்லது. இவற்றுக்கு மேல் வேறு பலகாரம் செய்ய முனைய வேண்டாம். முன்னதாக ஒரு பச்சைக் காய்கறி சாலட், பின்னர் பழம், அவ்வளவே போதும்.

காக்லோன் எனப்படும் ஃபோன்டூச் சட்டி மண்ணாலோ எனாமல் பூசிய வார்ப்பிரும்பாலோ ஆனது. அகன்ற வாயும் தடித்த அடியும் ஒற்றைக் கைப்பிடியும் கொண்டது. புதிய மண் சட்டியானால் முதலில் பாலும் நீரும் கலந்து ஊற்றி மெல்லக் கொதிக்க வைத்துப் பழக்க வேண்டும். வெறும் சட்டியை நெருப்பில் வைத்தால் விரிசல் விடும். காக்லோன் இல்லாதவர்கள் அடி கனத்த வார்ப்பிரும்புச் சட்டியைப் பயன்படுத்தலாம். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அடிப்பிடிக்கும். எண்ணெய்யில் இறைச்சி பொரிப்பதற்கென விற்கும் உயரமான உலோக ஃபோன்டூப் பாத்திரமும் சீஸுக்கு ஏற்றதன்று.

அடுப்பில் செய்வது

விருந்தினர் வந்து, மேசை அடுப்பும் தட்டுகளும் ரொட்டிக் கூடையும் தயாராக இருக்கும் நேரத்தில் சமையலைத் தொடங்க வேண்டும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சீஸைத் துருவி அறைச் சூட்டுக்கு வர விட்டு, கார்ன்ஃப்ளோரில் ஒரு மேசைக்கரண்டியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை அதன்மேல் தூவிக் கையால் பிசிறிக்கொள்ள வேண்டும். எடுத்து வைத்த மாவைக் கிர்ஷில் கட்டியில்லாமல் கரைத்து அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, சட்டியின் உட்புறம் முழுவதும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பூண்டு மணம் பிடித்தவர்கள் அதை நசுக்கிச் சட்டியிலேயே விட்டுவிடலாம்.

வைனையும் எலுமிச்சைச் சாற்றையும் சட்டியில் ஊற்றி நடுத்தரத் தீயில் வைத்து, ஓரங்களில் சிறு குமிழிகள் எழும்பும்போது தீயைக் குறைத்து, சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட வேண்டும். முதலில் போட்டது பெரும்பாலும் கரைந்த பிறகே அடுத்த கைப்பிடி. மரக்கரண்டியால் வட்டமாகக் கிண்டாமல், 8 என்ற எழுத்தைப் போல அடியைத் தொட்டுக் கிண்டினால் சட்டியின் நடுப்பகுதியும் விடுபடாது, சீஸும் உருண்டையாகத் திரளாது.

முதல் சில கைப்பிடிகளின்போது சட்டியைப் பார்ப்பவருக்கு நம்பிக்கை குறையத்தான் செய்யும். மேலே நீர்த்த, கலங்கிய வைன் நிற்கும். அடியில் சீஸ் இழை இழையாகக் கரண்டியைப் பற்றிக்கொண்டு வரும். இரண்டும் சேரவே சேராது என்று தோன்றும். இந்தக் கட்டத்தில் தீயைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. தீயை அப்படியே வைத்து நிறுத்தாமல் கிண்டிக்கொண்டிருந்தால், மாவு வெந்து வேலை செய்யத் தொடங்கும்போது கலங்கிய நீர் மெல்லப் பால்நிறமாகி, இழைகள் தளர்ந்து, ஒரு கட்டத்தில் முழுவதும் ஒன்றாகிப் பளபளப்பு ஏறும். அப்போது கிர்ஷில் கரைத்த மாவை மீண்டும் ஒருமுறை கலக்கி ஊற்றி, ஓரிரு நிமிடம் கிண்டி, ஒன்றிரண்டு குமிழிகள் மெதுவாக வெடிக்கும்வரை மட்டும் விட்டு, மிளகும் சாதிக்காயும் சேர்த்து இறக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் வழியும் பதம், கொஞ்சம் கெட்டியாகக் கரைத்த தோசை மாவின் பதமாக இருக்க வேண்டும். ஒரு ரொட்டித் துண்டைத் தோய்த்துப் பார்த்தால் சீஸ் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், சொட்டச் சொட்ட வழியக் கூடாது.

பரிமாறுவதற்குச் சற்று முன் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்த்து வேகமாகக் கலக்குவோரும் உண்டு. புளிப்போடு சேர்ந்து அது நுரைத்து, ஃபோன்டூவைக் காற்றோட்டமாக்குகிறது. நுரை பொங்கி எழும் என்பதால் சட்டி விளிம்புவரை நிறைந்திருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

பதம் தவறினால்

நீர்த்துப் போனால், ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் குளிர்ந்த வைனில் கரைத்து ஊற்றி, சூடேறும்வரை கிண்டினால் போதும். மாவை நேரடியாகத் தூவினால் கட்டி தட்டும். கெட்டிப்பட்டுவிட்டால் சூடாக்கிய வைனைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த வைனை ஒரேயடியாக ஊற்றினால் சீஸ் இறுகிவிடும். மேலே எண்ணெய் மிதந்து அடியில் கட்டி திரண்டுவிட்டால் உடனே மேசையிலிருந்து சமையலறை அடுப்புக்குத் திரும்பக் கொண்டுவந்து, எலுமிச்சைச் சாற்றில் கரைத்த கார்ன்ஃப்ளோரை ஊற்றி, மரக்கரண்டிக்குப் பதிலாகக் கம்பி அடிப்பானால் விடாமல் அடிக்க வேண்டும். பிரியத் தொடங்கிய உடனே செய்தால் பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடும். நெடுநேரம் கொதித்துப் புரதம் ரப்பராகிவிட்டதை மீட்க முடியாது.

மேசையில்

மேசை அடுப்பில் பசை எரிபொருளோ ஸ்பிரிட்டோ பயன்படுத்துவார்கள். எரிந்துகொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ எரிபொருளை நிரப்பவே கூடாது. வெளிச்சமான இடத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கக்கூடும். விருந்து தொடங்கும் முன்பே நிரப்பி, அசையாத தட்டின்மேல் வைத்து, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே தொங்கும் மேசை விரிப்பையும் அன்று எடுத்துவிட வேண்டும். நெருப்பு, சீஸ் அவ்வப்போது ஒரு குமிழி விடும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது நல்லது, ஏனெனில் சீஸ் மணம் திரைச்சீலையிலும் உடுப்பிலும் மறுநாள்வரை தங்கும்.

விருந்தினருக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றுண்டு: ரொட்டியைத் தோய்க்கும்போது சட்டியின் அடிவரை கொண்டுசென்று கிண்டி எடுக்க வேண்டும். உண்பவர் ஒவ்வொருவரும் அப்படிச் செய்தால் கலவை அடிப்பிடிக்காமலும் பிரியாமலும் கடைசிவரை நிற்கும். தனிக் கரண்டியால் கிண்டும் வேலை விருந்து கொடுப்பவருக்கு மிச்சம். தோய்த்த துண்டை நீண்ட முட்கரண்டியிலிருந்து தட்டுக்கு மாற்றி, வேறு முட்கரண்டியால் உண்ணும்படி சொல்லலாம். நாக்கும் சுடாது, ஒரே சட்டியைப் பலர் பகிர்வதில் சிலருக்கு இருக்கும் தயக்கமும் நீங்கும். ரொட்டித் துண்டைச் சட்டியில் தவறவிட்டவருக்குச் சிறு தண்டனை விதிப்பது சுவிஸ் வழக்கம். ஒரு பாட்டில் வைன் வாங்கித் தருவதிலிருந்து பாட்டுப் பாடுவதுவரை அது வீட்டுக்கு வீடு மாறும். முதல் முறை சந்திக்கும் விருந்தினர்களிடையே இறுக்கம் தளர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

குடிப்பதற்குச் சட்டியில் ஊற்றிய அதே வெள்ளை வைன், அல்லது பால் சேர்க்காத சூடான தேநீர் தருவார்கள். குளிர்ந்த நீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும் என்றும், வைனும் கிர்ஷும் செரிமானத்துக்கு உதவும் என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் 20 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தேநீர் குடித்தவர்களைக் காட்டிலும் வைன் குடித்தபோது இரைப்பையிலிருந்து உணவு இறங்குவது மெதுவானது என்று தெரிந்தது. ஆகவே மதுவைத் தவிர்க்கும் விருந்தினருக்குத் தேநீர் தருவதில் குறையேதும் இல்லை. நான் எல்லோருக்குமே தேநீரை மேசையில் வைத்துவிடுவேன்.

சட்டியில் விரல் தடிமனுக்குச் சீஸ் மிஞ்சும்போது நெருப்பை மேலும் தணித்து, கிண்டுவதை நிறுத்திவிட வேண்டும். சில நிமிடங்களில் அடியில் பொன்னிறமான மொறுமொறுப்பான அடை ஒன்று உருவாகும். பிரெஞ்சு பேசும் பகுதியில் அதை 'ரெலிஜியூஸ்' என்பார்கள். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டாகப் பகிர்வார்கள். கருகவிட்டால் கசக்கும் என்பதால் இந்த நேரத்தில் விருந்து கொடுப்பவரின் கண் சட்டியின்மேலேயே இருக்க வேண்டும். சிலர் அந்த அடையின்மேல் முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறியும் உண்பார்கள்.

விருந்து முடிந்ததும் சட்டியைக் கழுவ அவசரப்பட வேண்டாம். சட்டி ஆறிய பிறகு குளிர்ந்த நீரும் ஒரு கரண்டி சமையல் சோடாவும் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டால் காலையில் சீஸ் தானாகப் பெயர்ந்து வரும். சூடான நீர் ஊற்றினால் இன்னும் பிடித்துக்கொள்ளும். இரும்பு நார் மண் சட்டியின் பூச்சைக் கீறிவிடும். மிஞ்சிய ஃபோன்டூவை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மிஞ்சிய ரொட்டித் துண்டுகளின்மேல் தடவி, ஓவனில் மேற்புறம் சிவக்கும்வரை வைத்து எடுத்தால் காலை உணவுக்கு ஆகும்.